புதுப்பிப்பு: உடன்பிறந்தோரின் மரபணுப் பங்கு சரிபாதியாக வராதது ஏன்?

எனக்கும் தங்கைக்கும் பொதுவான டி.என்.ஏ. 46 விழுக்காடு மட்டுமே வந்தது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே பாதி என்பது உறுதி. உடன்பிறந்தோரிடையே அது வெறும் சராசரிதான், ஏனெனில் ஒவ்வொரு முட்டையிலும் விந்தணுவிலும் குரோமோசோம் இணைகள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டைப் போல வேறொரு சேர்க்கையாக அமைகின்றன. 2006இல் மரபியலாளர் பீட்டர் விஷரின் குழு 4,401 உடன்பிறப்பு இணைகளை அளந்தபோது, இப்பங்கு ஏறத்தாழ 37 முதல் 62 விழுக்காடு வரை விரிந்திருந்தது. ஆகவே 46 இயல்பே.

தலைமுறைகளாக மாமன் மகளையும் அத்தை மகளையும் மணந்துவரும் நம் குடும்பங்களில்தான் கணக்கு உண்மையில் சிக்கலாகிறது: பல வழிகளில் வந்த சிறு துண்டுகள் சேர்ந்து தூரத்து உறவினரையும் நெருங்கியவராகக் காட்டுவதால், பொதுவான துண்டுகளின் நீளத்தை அளக்கும் அலகான சென்டிமார்கனில் வரும் மொத்தத்தோடு மிக நீளமான துண்டின் அளவையும் பார்க்க வேண்டும்.