மறு: டிபென்டன்சி இன்ஜெக்ஷன்: ‘சார்பு உட்செலுத்தல்’ பொருந்துமா?

> ‘சார்பு உட்செலுத்தல்’, ‘சார்பு உட்செலுத்தல் கொள்கலன்’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம். நம் தமிழ் ஆவணத்துக்கு இந்தச் சொற்கள் சொல்லுக்குச் சொல் சரிதான், பொருள் இடிக்கிறது. டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்பது, ஒரு வகுப்புக்குத் தேவையான பொருளை அதுவே உருவாக்காமல் வெளியிலிருந்து கொடுப்பது; அப்படிக் கொடுக்கும் கருவிதான் கன்டெய்னர்.

‘ரசீதுப்பணி’ என்ற வகுப்புக்கு ‘வரிக்கணக்கி’ தேவை. ரசீதுப்பணியே ‘நியூ’ போட்டு அதை உருவாக்கிக்கொண்டால், சோதனையின்போது போலி வரிக்கணக்கியை மாட்ட வழியில்லை. ஆக்கியின் (கன்ஸ்ட்ரக்டர்) வழியே வெளியிலிருந்து கொடுத்தால் மாட்டலாம். கொடுக்கப்படுவது வரிக்கணக்கி, சார்ந்து நிற்பது ரசீதுப்பணி. சார்பெழுத்து என்றால் சார்ந்து வரும் எழுத்துதானே? அதனால் ‘சார்பு’ என்றதும் மனம் ரசீதுப்பணியின் பக்கம் போகிறது. போதாததற்குக் கணிதத்தில் சார்பு என்றால் ஃபங்க்ஷன்.

‘உட்செலுத்தல்’ தரவுத்தளத்தைக் குறிவைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் தாக்குதலை நினைவுபடுத்தும். ‘கொள்கலன்’ என்ற சொல் டாக்கர் மென்பொருளின் கன்டெய்னருக்குப் போய்விட்டது.

என் முன்மொழிவு: டிபென்டன்சி – துணைப்பொருள், இன்ஜெக்ஷன் – துணையூட்டல், கன்டெய்னர் – துணையூட்டி. நினைவூட்டல் போல இயல்பாக வரும். கூகுளின் ஜூஸ் நூலகமும் தன் கன்டெய்னரை ‘இன்ஜெக்டர்’ என்றுதான் அழைக்கிறது. ஸ்டாண்டலோனுக்குத் ‘தற்சார்பு’ வேண்டாம், ‘தனித்தியங்கும்’ போதும்.

ஆவணத்தில் எழுதிப் பார்த்தேன்: “பயன்பாட்டு வழங்கி (அப்ளிகேஷன் சர்வர்) இல்லாத செயலியில், தனித்தியங்கும் துணையூட்டியை மெயின் மெத்தடில் ஒருமுறை மட்டும் உருவாக்குக. அதனிடம் வேர்ப்பொருளை (செயலியைத் தொடங்கிவைக்கும் முதல் பொருளை) மட்டும் கேட்டு வாங்குக. துணையூட்டியையே மற்ற வகுப்புகளுக்குள் அனுப்பினால், எந்த வகுப்புக்கு எது தேவை என்பது ஆக்கியில் தெரியாமல் மறைந்துவிடும்.” தடுக்காமல் படிக்க முடிகிறது.

——

நண்பருக்கு,

சார்பெழுத்து வாதத்தை ஏற்கிறேன். துணையூட்டல், துணையூட்டி இரண்டும் இருக்கட்டும். ‘துணைப்பொருள்’ மட்டும் வேண்டாம். துணைக்களம் போல, ஒன்றின் உட்பிரிவு என்று படிப்பார்கள். வெறும் ‘துணை’ போதும்: “ரசீதுப்பணிக்கு இரண்டு துணைகள்.”

ஸ்கோப், ப்ரோவைடர் இரண்டையும் இப்போதே முடிவுசெய்வது நல்லது. பிழை அதிகம் வருவது அங்கேதான். ஸ்கோப் எதையும் குறிப்பிடாவிட்டால் ஜூஸ் கேட்கும்போதெல்லாம் புதுப் பொருள் தரும். ஸ்பிரிங் என்ற இன்னொரு கட்டமைப்பு ஒரே பொருளைத் திரும்பத் தரும். ஸ்கோப் இங்கே பொருள் எவ்வளவு காலம் வாழ்கிறது என்பதைக் குறிக்கிறது. மாறியின் ஸ்கோப்போடு குழம்பாமல் இருக்க ‘வாழ்வெல்லை’ என்போம்.

செயலி முழுதும் ஒன்றே இருக்கும் ஒற்றைப்பொருளுக்குள் (சிங்கிள்டன்), கோரிக்கைதோறும் மாறவேண்டிய துணையை நேரடியாக ஊட்டினால், முதலில் ஊட்டியதே கடைசிவரை தங்கிவிடும். இரண்டாவது பயனருக்கு முதலாமவரின் விவரம் தெரிவது இப்படித்தான். துணைக்குப் பதிலாக அதன் ப்ரோவைடரை (கேட்கும்போது துணையை எடுத்துத் தரும் பொருளை) ஊட்டி, தேவைப்படும் ஒவ்வொரு முறையும் ‘கெட்’ அழைக்க வேண்டும். ப்ரோவைடரை ‘வழங்கி’ என்றால் சர்வரோடு மோதும். ‘தருநர்’ எப்படி? “வாழ்வெல்லை குறுகிய துணைக்குத் தருநரை ஊட்டுக” என்று ஒரே வரியில் எச்சரிக்கை எழுதிவிடலாம்.

மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு, அது வரும் ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.