பெயரில் முதல் ஆள், டிவியில் வாசலுக்கு வெளியே

‘த ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’னு ஒரு அமெரிக்க டிவி காமெடித் தொடர், அதைப் பார்த்த எல்லாருக்கும் ஜாஸ் ஞாபகம் இருக்கும். அங்கிள் ஃபில் அவனைத் தூக்கி வாசலுக்கு வெளியே வீசுவார், ஆள் கத்திக்கிட்டே பறப்பான். அடுத்த தடவை பார்க்கும்போது சட்டையைக் கவனிங்க. வீசுற ஷாட்டை எடுத்து வெச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்ப ஒட்டினாங்க. ஷாட் பொருந்தணுமே, அதனால வீசப்போற காட்சின்னா ஜாஸுக்கு அதே சட்டை. சட்டையைப் பார்த்ததுமே அவன் கதி என்னன்னு தெரிஞ்சிடும்.

பறக்கிறது யாருன்னு யோசிச்சா சிரிப்பு கொஞ்சம் அடங்குது. டிஜே ஜாஸி ஜெஃப், பிலடெல்பியாக்காரர். 1986-ல நியூயார்க் நியூ மியூசிக் செமினார் டிஜே போட்டியில ஜெயிச்சவர். ராப்பர் வில் ஸ்மித்தோட சேர்ந்த ஜோடி பேர்லயே டிஜே ஜாஸி ஜெஃப் முதல்ல, ஃப்ரெஷ் பிரின்ஸ், அதாவது வில் ஸ்மித், அடுத்துதான். 1988-ல வந்த அவங்க ஆல்பம் தலைப்பும் ‘ஹி இஸ் த டிஜே, ஐ ஆம் த ராப்பர்’. 1990-ல என்.பி.சி. சேனல்ல தொடர் வந்தப்போ ராப்பர் பேர் மட்டும் தலைப்புல ஏறிச்சு. டிஜே, வீட்டுக்குள்ள சேர்க்காத சிநேகிதன் ஆனார். ஆறு சீசன், 148 எபிசோடு. அதுல அவர் கை எதுக்குப் பேர் போனதுன்னு ஒருத்தருக்கும் தெரியாமலே போகலாம். டிவி ஹிப்ஹாப்பைக் காட்டின விதத்துல எனக்குப் பெரிய குறை இதுதான். கறுப்பு முகங்கள் வந்தாங்க, கலையில பாதி வரல.

*

அந்தக் கை என்ன செய்யும்னு கொஞ்சம் சொல்லிடறேன். ஓடுற இசைத்தட்டைக் கையால முன்னும் பின்னும் தேய்ச்சு ஒலி எழுப்பறதுதான் ஸ்க்ராட்ச். ஜெஃப் பேரோட ஒட்டிக்கிட்டது ரெண்டு.

ஒண்ணு சர்ப் (chirp). ஃபேடர், அதாவது மிக்சர்ல ஒலியைத் திறந்து மூடுற தள்ளுபிடி, திறந்த நிலையில ஆரம்பிக்கணும். தட்டை முன்னால தள்ளும்போதே ஃபேடரை மூடணும், பின்னால இழுக்கும்போதே திறக்கணும். ரெண்டு கையும் ஒண்ணா நகரணும். சரியா விழுந்தா குருவிக்குஞ்சு கத்துற சத்தம். மூடறது துளி தாமதமானாலும் ஒலியோட வால் நீண்டு, வெறும் ‘விக்கா-விக்கா’ ஆயிடும். இன்னொண்ணு டிரான்ஸ்ஃபார்மர், கிட்டத்தட்ட நேர்மாறு. ஃபேடர் மூடியே இருக்கும்; தட்டை மெதுவா நகர்த்திக்கிட்டே விரலால தட்டித் தட்டித் திறக்கணும். நீளமான ஒரு ‘ஆஆஆ’ அஞ்சாறு துண்டா நறுக்கின மாதிரி கேட்கும். இதுக்குச் சொந்தக்காரங்கன்னு அதே ஊர் டிஜேக்கள் ஸ்பின்பேட், கேஷ் மணி பேரும் அடிபடும். அந்தச் சண்டை தீராது, விடுங்க.

முயற்சி பண்றவங்களுக்கு: மோட்டார் பெல்ட் வழியா தட்டைச் சுத்துற பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் வேண்டாம். தட்டைப் பிடிச்சு விட்டா பெல்ட் வழுக்கும், வேகம் திரும்பப் பிடிக்க நேரமாகும். மோட்டாரே நேரா சுத்துற டைரக்ட் டிரைவ்தான். 1979-ல வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2 இன்னைக்கும் அளவுகோல், வேகத்தை 8 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ முடியும். ரப்பர் பாயை எடுத்துட்டு ஸ்லிப்மேட், அதாவது தட்டு வழுக்குற துணிப் பாய், போடுங்க. ஊசி எகிறினா உடனே ஊசி மேல வர்ற எடையைக் கூட்டாதீங்க. பெரும்பாலும் கோளாறு கையில: மேலேயிருந்து அழுத்தினா தட்டு சாயும், ஊசி பள்ளத்தை விட்டுத் தாவும். விரல் நுனி பட்டா போதும், தள்ளறது பக்கவாட்டுல. ஸ்க்ராட்ச் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்குற தலைப்பகுதி) 3 கிராம் பக்கம் வெச்சாலே நிக்கும். 5 கிராம் வெச்சா எகிறாது, ஆனா அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்ச்சு ‘ஸ்ஸ்’னு எரிஞ்ச சத்தம் வந்துடும். லேபிள்ல ஒரு ஸ்டிக்கர் துண்டு ஒட்டுங்க. ஒலி ஆரம்பிக்கிற இடத்துல ஸ்டிக்கர் கடிகாரத்தோட 12-ஐப் பார்த்து நிக்கணும். இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் தேடிக்கிட்டே இருப்பீங்க.

*

டிவிக்காரங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஊசிக்கு இசையும் ஒண்ணுதான், தரை ஆடறதும் ஒண்ணுதான், ரெண்டும் அதிர்வு. பலகை மேடையில ஆளுங்க குதிச்சா தாவும். மேடையில இருக்கிறவங்க கேட்க வெக்கிற மானிட்டர் ஸ்பீக்கரோட பேஸ் (அடி ஒலி) மேசையில ஏறினா ஊசி அதையும் படிச்சுத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும், ஒரு ஊளை கிளம்பும். கார்ட்ரிட்ஜ் தர்றது சில மில்லிவோல்ட், கிரவுண்ட் வயரை மாட்ட மறந்தா ‘ம்ம்ம்’னு இரையும். மூணு நிமிஷ லைவுக்கு இவ்வளவு ஆபத்து எதுக்குன்னு ரெடிமேட் டிராக்கை ஓட விட்டு மைக்கை மட்டும் திறந்து வெக்கிற பழக்கம் அப்படித்தான். மேசைக்கு அடியில கனமான கல் பலகை, அதுக்குக் கீழ ஃபோம், மானிட்டரை மேசைக்கு நேரா வெக்காம கொஞ்சம் திருப்பி, அதுல பேஸைக் குறைச்சா முக்கால்வாசி சரியாகும். ஆக, முடியாத வேலை இல்ல. டான்ஸுக்குத் தரையையே மாத்தறவங்க ஒரு கல் பலகைக்கு மூக்கால அழறாங்க.

டிஜேவைத் தள்ளினதுல டிவி முதல் குற்றவாளியும் இல்ல. ஹிப்ஹாப் பிறந்ததுன்னு சொல்ற 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ பார்ட்டியில டிஜே கூல் ஹெர்க்தான் நாயகன். கூட்டம் ஆடினது அவர் போட்ட தட்டுக்கு. 1979-ல ‘ராப்பர்ஸ் டிலைட்’ங்கிற ராப் பாட்டு ரெக்கார்டு ஆனப்போ, ‘ஷீக்’ குழுவோட ‘குட் டைம்ஸ்’ பேஸ் வரியை ஸ்டுடியோவுல இசைக்கலைஞர்கள் வாசிச்சாங்க. டிஜேக்கு அங்கேயே வேலை போச்சு. டிவி அதைப் பெரிசாக்குச்சு, அவ்வளவுதான்.

*

டிஜே கணக்கு மட்டும் போட்டா பெண்கள் கணக்கு விட்டுப்போகும். 1981 பிப்ரவரி 14, ‘சாட்டர்டே நைட் லைவ்’ டிவி நிகழ்ச்சி. எம்டிவியே அப்போ பிறக்கல. அமெரிக்கா முழுக்கப் போற டிவியில முதல்ல ஏறின ராப் குழு ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன், அதுல ஷா-ராக்னு ஒரு பெண் எம்சி, அதாவது மைக் பிடிச்சு ராப் பண்றவர். ஆரம்பம் அப்படி இருந்தும், அப்புறம் வந்த வீடியோக்கள்ல பெண்ணுக்குக் கார் பானெட் மேல உட்கார்ற வேலைதான் அதிகம் கிடைச்சது.

விதிவிலக்கு ‘லிவிங் சிங்கிள்’ தொடர், 1993, ஃபாக்ஸ் சேனல். உருவாக்கினவர் ஈவெட் லீ பௌசர். அதுல ராப்பர் குயின் லத்தீஃபா புரூக்ளின்ல ‘ஃபிளேவர்’னு பத்திரிகை நடத்துற முதலாளி. பத்திரிகையை ஓட்டறது, கூட இருக்கிறவங்களோட மல்லுக்கட்டறது, இதுதான் கதை. ராப்பரை ராப் பாடச் சொல்லாமலே முழு மனுஷியா காட்டினது. அடுத்த வருஷம் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ ஊரறிஞ்சது, இதை இன்னும் தேடித்தான் பார்க்கணும்.

ஃப்ரெஷ் பிரின்ஸ் பேச்சு வந்ததால: அங்கிள் ஃபிலோட மனைவி விவ் அத்தையா மூணு சீசன் ஜேனட் ஹியூபர்ட், நாலாவதுல இருந்து டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட். மாத்தினதுக்குக் காரணம் ஒப்பந்தத் தகராறு. ஆனா புது அத்தை நிறம் குறைவா கறுப்பு, குரலும் அடங்கிப்போச்சுன்னு ரசிகர்கள் இன்னும் பேசறாங்க. நம்ம சீரியல் நாயகிகளுக்கு அப்பற மாவைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது சட்டுனு பட்டுடும்.

*

கிராமி இசை விருதை விட்டுட்டீங்கன்னு சொல்வீங்க. 1989-ல ராப்புக்கு முதல் விருது, வாங்கினது இதே ஜோடி, ‘பேரன்ட்ஸ் ஜஸ்ட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ பாட்டுக்கு. அந்தப் பிரிவை டிவியில காட்டல. அதனால ரெண்டு பேரும் விழாவுக்கே போகல.

*

ஜெஃப் கையைக் கேட்கணும்னா எந்தப் பாட்டுன்னு கேட்டா, இதோ.

*

அதே 1988 ஆல்பத்துல ‘லைவ் அட் யூனியன் ஸ்கொயர், நவம்பர் 1986’. ஹெட்ஃபோன் போடுங்க, போன் ஸ்பீக்கர்ல ஃபேடர் வெட்டுறது மழுங்கிடும். முதல் தடவை கூட்டத்தை மட்டும் கேளுங்க, அவர் நறுக்க நறுக்க அலறுவாங்க. ரெண்டாவது தடவை பாதி வேகத்துல ஓட்டினா மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் துண்டுகளை எண்ணிடலாம். அப்புறம் ‘பிராண்ட் நியூ ஃபங்க்’.