அமெரிக்காவில ஆஸ்பத்திரி கேக்கிற காசும் இன்சூரன்ஸ் கட்டுற காசும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பரந்தன் அக்கா:
எல்லாருக்கும் வணக்கம், தெரிஞ்ச ஆக்கள் ஆராவது விளங்கப்படுத்துங்கோ. தம்பி நியூ ஜெர்சியில இருக்கிறான், அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசன் செய்து ரெண்டு நாள் வாட்டில இருந்தவன். இன்சூரன்ஸால வந்த கடிதத்தை வட்ஸ்அப்பில போட்டவன், ஆஸ்பத்திரி கேட்டது 41,000 டொலர், கம்பனி ஒத்துக்கொண்டது 14,500, அதுக்குள்ள அவன்ர பங்கு 2,300. மிச்சம் 26,500ஐ ஆர் விட்டுக்குடுத்தது? ஏன் முதலே சரியான விலையைப் போடேல்லை? அம்மாவுக்கு இதே ஒப்பரேசன் கிளிநொச்சி அரசாங்க ஆஸ்பத்திரியில நடந்தது, பில் எண்டு ஒரு துண்டும் இல்லை. எனக்கும் ஒபிசில குரூப் இன்சூரன்ஸ் இருக்கு, இஞ்ச இலங்கையிலயும் இப்பிடித்தானோ?

முத்தையன்கட்டுப் பெடியன்:
அக்கா, நான் நியூ யோர்க்கில ஒன்பது வருசமா மெடிக்கல் பில்லிங் வேலை. அந்த 26,500ஐ ஒருத்தரும் விட்டுக்குடுக்கேல்லை, அது கிடைக்கும் எண்டு அவையும் எதிர்பார்க்கேல்லை. 41,000 எண்டது ஆஸ்பத்திரி தன்ர விலைப்புத்தகத்தில போட்டு வைச்சிருக்கிறது, சார்ஜ்மாஸ்டர் எண்டுவினம். உண்மையான விலை தம்பிக்கு வயித்துக்குத்து வர முதலே கம்பனியும் ஆஸ்பத்திரியும் எழுதின ஒப்பந்தத்தில முடிஞ்சுது.

எங்கட நெல்லு விலையை யோசிச்சுப் பாருங்கோ. பத்து மூட்டையோட களத்தடியில நிக்கிறவருக்கு லொறிக்காரர் சொல்லுறதுதான் விலை, கமக்காரர் எல்லாம் சேர்ந்து நாலு லொறி நெல்லோட நிண்டா கதை வேற. அங்க கம்பனியின்ர கையில இருக்கிறது ஆக்கள்தான், விலையைக் குறைச்சா எங்கட ஆக்கள் எல்லாரையும் உங்களிட்ட அனுப்புவம், இல்லாட்டி நெட்வேர்க்கில, அதாவது எங்களோட ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிப் பட்டியலில, சேர்க்கமாட்டம் எண்டு சொல்லும். ஆனா சுத்துவட்டாரத்து ஆஸ்பத்திரியள், கிளினிக்குகள் எல்லாத்தையும் ஒரே நிறுவனம் வாங்கிப்போட்டுது எண்டு வையுங்கோ, அவையை விட்டிட்டு அங்க பிளான் விக்க ஏலாது, அப்ப கம்பனிதான் பணியவேணும்.

சில ஒப்பந்தத்தில விலைப்புத்தகத்தில இத்தனை வீதம் தருவம் எண்டும் இருக்கும், புத்தகத்தில விலை ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணம். வயது போன ஆக்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ் மெடிக்கேயரில இந்தப் பேரம் இல்லை, 1983ல இருந்து இன்ன வருத்தத்துக்கு இவ்வளவு எண்டு அரசாங்கமே ஆஸ்பத்திரிக்கு நிர்ணயிச்சுக் குடுக்குது. தனியார் கம்பனியள் சராசரியா அதின்ர ரெண்டு மடங்குக்கும் மேல கட்டுகினம், அப்ப பேரத்தில ஆர் வெல்லுகினம் எண்டு பாருங்கோ. 2021ல இருந்து பேசின விலையளை ஆஸ்பத்திரி வெளியில போடவேணும் எண்டு விதி வந்திட்டுது, தம்பியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கோ.

பரந்தன் அக்கா:
நெல்லுக்கணக்கு நல்லா விளங்கீட்டுது தம்பி. அப்ப இன்சூரன்ஸ் இல்லாத மனுசரின்ர கதி என்ன?

முத்தையன்கட்டுப் பெடியன்:
அதுதான் அக்கா எனக்கும் மனசு பொறுக்காத இடம். அவைக்காகக் கதைக்க ஆளில்லை, அதால புத்தகத்தில இருக்கிற விலை அவையின்ர தலையிலதான் வந்து விழும். லாபநோக்கில்லாத ஆஸ்பத்திரியள் உதவித்திட்டம் வைச்சிருக்கவேணும் எண்டு சட்டம் இருக்கு, ஆனா கேட்டாத்தான் கிடைக்கும், கனபேருக்கு அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது. கேட்காமல் அந்தக் காசைக் கட்டவேண்டாம்.

வவுனியா ரமணன்:
அக்கா இஞ்சத்தைக் கதைக்கு வாறன், நான் முந்திக் கொழும்பில கிளெய்ம் செக்சனில இருந்தனான். எங்கட பக்கம் கூடுதலா நீங்கள் முதல் கட்டிப்போட்டுப் பில்லைக் குடுத்து எடுக்கிறதுதான், கொழும்புப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியள் சிலதோட கம்பனியள் நேரா கட்டுற ஒழுங்கும் இருக்கு. ஆனா உங்கட பொலிசியில ரூமுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஒப்பரேசனுக்கு இவ்வளவு எண்டு வரம்பு இருக்கும், அரச உத்தியோகத்தரின்ர அக்ரஹார எண்ட இன்சூரன்ஸ் திட்டமும் வரம்போடதான். வரம்புக்கு மேல போனா உங்கட கைக்காசு.

என்ர அப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் ஒரு தனியார் இடத்தில செய்தனாங்கள், இன்சூரன்ஸ் இருக்கெண்டு வாய் திறந்த உடன விலைகூடின வில்லையைக் காட்டினவை, நாங்களும் ஓமெண்டிட்டம், கடைசியில அரைவாசிக்கு மேல நாங்கள்தான் கட்டினது. அதால போக முதலே முழுச் செலவையும் எழுத்தில வாங்கி, அதைக் கம்பனிக்கு அனுப்பி எவ்வளவு தருவியள் எண்டு அவையிட்டையும் எழுத்தில எடுங்கோ. அவசரம் எண்டா ஒண்டும் யோசியாமல் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கே ஓடுங்கோ.