பிஓ4 (ஆய்வுத்திறன்) எல்லாருக்கும் 100%, ஆனால் பைனலில் கியூப் முடிவை விளக்கத் தெரியவில்லை: கணக்கில் எங்கே கோளாறு?

பிறை_லேப்:
வணக்கம். செபராங் பிறையில் சிவில் பொறியியல் தொழில்நுட்ப டிகிரி, இரண்டாம் ஆண்டு கான்கிரீட் தொழில்நுட்பம் பாடம். 40 மாணவர்கள், ஐந்தைந்து பேராக 8 குழுக்கள். கோர்ஸ்வொர்க் 60, பைனல் 40. சிஎல்ஓ என்பது பாட முடிவில் வர வேண்டிய திறன், பிஓ என்பது டிகிரி முடிவில் வர வேண்டிய திறன் (பிஓ2 சிக்கல் பகுப்பாய்வு, பிஓ4 ஆய்வுத்திறன், பிஓ9 குழுப்பணி). அடைப்பில் உள்ள சி, பி, ஏ முறையே அறிவு, செய்கை, மனப்பாங்கு நிலைகள்.

சிஎல்ஓ1 (சி4, பிஓ2): மிக்ஸ் டிசைன் (கான்கிரீட் கலவை விகிதம்) பகுப்பாய்வு. அசைன்மெண்டும் டெஸ்டும் சேர்த்து 30, பைனல் முழுவதும் இதற்கே.
சிஎல்ஓ2 (பி4, பிஓ4): சோதனை நடத்தி முடிவை விளக்குதல். குழு லேப் ரிப்போர்ட் 20.
சிஎல்ஓ3 (ஏ3, பிஓ9): குழுப்பணி 10.

எங்கள் இலக்கு, 60% மாணவர்கள் அந்தந்த சிஎல்ஓவில் 50% மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும். வந்த முடிவு: பிஓ4 100%, பிஓ9 100%, பிஓ2 47.5% (40-இல் 19 பேர்). ஆனால் பைனல் 4-ஆம் கேள்வியில் மூன்று கியூப்களின் (சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கனசதுரங்கள்) 28 நாள் வலிமை முடிவைக் கொடுத்து விளக்கச் சொன்னால் சராசரி 10-க்கு 3.2 தான். மதிப்பீட்டுக் குழு கேட்டது இதைத்தான்: ‘எல்லாருக்கும் ஆய்வுத்திறன் வந்துவிட்டது என்றால் இந்தக் கேள்வி ஏன் இப்படி?’ என்ன பதில் சொல்வது, எதைத் திருத்துவது?

கேஎல்_ஸ்ட்ரக்சர்:
பதில் சொல்லும் முன் மூன்று விவரம் வேண்டும் சார். ரிப்போர்ட்டின் 20 மார்க் எப்படிப் பிரிகிறது? 4-ஆம் கேள்வி எந்த சிஎல்ஓவில் ஏறுகிறது? பைனலில் எல்லாக் கேள்வியும் கட்டாயமா?

பிறை_லேப்:
ரிப்போர்ட்: வடிவமைப்பு 3, நோக்கம் 2, செய்முறை 5, தரவு அட்டவணை 5, விவாதம் 5. நான்காம் கேள்வி சிஎல்ஓ1-இல் ஏறுகிறது. பைனலில் ஐந்தில் நான்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 10. நான்காம் கேள்வியைத் தொட்டவர்கள் 31 பேர். அதில் 5 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் 6.

கேஎல்_ஸ்ட்ரக்சர்:
அப்படியானால் 100% வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விவாதத்தில் ஒரு வரிகூட எழுதாத குழுவுக்கும் மீதி 15 கிடைக்கும், அதாவது 75%. செய்முறை லேப் ஷீட்டிலேயே அச்சாகி இருக்கிறது. அதைத் திருப்பி எழுதினால் 5. தரவு மெஷினின் திரையில் வருகிறது. ஆய்வுத்திறனைத் தொடும் பகுதி விவாதம் 5 மட்டுமே. அந்த 5-ம் குழுவில் ஒருவர் எழுதி ஐவருக்கும் போகிறது. 40 மாணவர்களை அளக்க வேண்டிய கருவி எட்டு ரிப்போர்ட்டுகளை அளந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், முடிவை விளக்கும் திறனைத் தனியாள் அளவில் தொட்ட ஒரே கேள்வியை சிஎல்ஓ1-இல் போட்டிருக்கிறீர்கள். பிஓ4-க்கான நல்ல சான்று பிஓ2-இன் கணக்கில் தொலைந்துவிட்டது.

பிஓ2-இன் 47.5% மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எக்செலில் சிஎல்ஓ1-இன் மொத்த மார்க் 70-ஆ 80-ஆ என்று பாருங்கள். ஐந்து கேள்விக்கும் பத்துப் பத்தாக நிரல் இருந்து அதை அப்படியே கூட்டினால் 30+50 ஆகிவிடும். மாணவர் எழுத முடிந்தது 30+40 தான்.

பிறை_லேப்:
80 தான் இருக்கிறது. 70-க்கு மாற்றினால் தேர்ச்சிக்கோடு 40-இலிருந்து 35-க்கு இறங்குகிறது. இடையில் 8 பேர். 27 பேர், 67.5%. பிஓ2 இலக்கைத் தாண்டிவிட்டது! பிஓ2-க்காகக் கூடுதல் வகுப்பு நடத்துவதாக மேம்பாட்டு அறிக்கையே எழுதி வைத்திருந்தோம்.

தரக்கோப்பு:
இதே கோளாறு பல கோப்புகளில் இருக்கும். சிஎல்ஓ கணக்குக்குப் போகும் கேள்விகளை விருப்பத் தேர்வாக வைக்கவே கூடாது. விட்ட கேள்வி பூஜ்யமா, காலியா என்று எக்செலுக்குத் தெரியாது: பூஜ்யம் போட்டால் மாணவருக்கு அநியாயம், காலியாக விட்டால் சராசரி ஃபார்முலா அந்தச் செல்லையே கணக்கில் எடுக்காது. உங்கள் 3.2 கூட 31 பேரின் சராசரிதான், 40 பேருடையது அல்ல. எல்லாரும் எல்லாம் எழுதும்படி கட்டாயமாக்குங்கள், சிக்கல் தீரும்.

ஷீட் அமைப்பு: ஒரு வரிக்கு ஒரு மாணவர், ஒரு நிரலுக்கு ஒரு கேள்விப் பகுதி. 4(அ), 4(ஆ) தனித்தனி நிரல். தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் சிஎல்ஓ எண், அதற்குக் கீழே முழு மார்க். சம்இஃப் ஃபார்முலா சிஎல்ஓ எண்ணைத் தேடி மாணவர் எடுத்ததைக் கூட்டட்டும். அதே ஃபார்முலா முழு மார்க் வரியையும் கூட்டி வகுக்கட்டும். பிறகு 50%-ஐத் தொட்டவர்களை எண்ணுங்கள், வகுப்புச் சராசரியை எடுக்காதீர்கள். பாதிப் பேர் 80, பாதிப் பேர் 30 என்றாலும் சராசரி 55 வரும். பாடத்தைக் கைவிட்டவர்களை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை அடியில் எழுதி வையுங்கள்.

பிறை_லேப்:
நன்றி. அப்படியென்றால் உண்மையான பிரச்சினை பிஓ4. அதை எப்படி அளப்பது? 40 பேருக்கும் தனித்தனி வாய்மொழித் தேர்வு வைக்க லேப் நேரம் போதாது.

கேஎல்_ஸ்ட்ரக்சர்:
ஐந்து நிமிடம் வீதம் 200 நிமிடம். மூன்று மணி நேர லேப்பில் அடங்காது, சரிதான். வாய்மொழிக்குப் பதில் 20 நிமிட எழுத்துத் தாள் வையுங்கள், தனித்தனியாக, லேப்பிலேயே, ரிப்போர்ட் கொடுப்பதற்கு முன். சந்தேகம் வரும் தாளுக்கு மட்டும் இரண்டு நிமிடம் கேள்வி கேட்டால் போதும். மார்க்கை இப்படிப் பிரிக்கலாம்: குழு ரிப்போர்ட் 20-ஐ 10 ஆக்கி, தனியாள் தரவுத்தாளுக்கு 10. நான்காம் கேள்வியைக் கட்டாயமாக்கி சிஎல்ஓ2-க்கு மாற்றினால் அதற்கு 30 மார்க், அதில் 20 தனியாளுடையது. ரிப்போர்ட்டில் 8, தாளில் 3, பைனலில் 3 எடுத்தவர் 14/30-இல் நிற்பார், 47%. அவர் இனி ‘அடைந்தவர்’ பட்டியலில் வரமாட்டார். 60–40 பிரிவும் கெடாது.

தரவுத்தாளில் நான்கு வகை தயார் செய்யுங்கள், பக்கத்து இருக்கைக்கு வேறு வகை போகட்டும். எல்லாமே 150 மிமீ கியூப், பரப்பு 22,500 சதுர மிமீ.

முதல் வகை: உடைந்த சுமை 715, 730, 542 கிலோநியூட்டன், எடை 8.10, 8.12, 7.65 கிலோ. வலிமை 31.8, 32.4, 24.1 எம்பிஏ (சதுர மிமீக்கு நியூட்டன்) என்று எல்லாரும் வகுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. 7.65 கிலோ என்றால் அடர்த்தி கிட்டத்தட்ட 2,267 கிலோ/கனமீட்டர், மற்றவை 2,400. ஆறு விழுக்காடு அளவு குறைவு. அச்சில் சரியாக இறுகாமல் காற்று தங்கிவிட்டது. கான்கிரீட்டில் 5% வெற்றிடம் வலிமையில் ஏறத்தாழ 30% தின்றுவிடும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. இங்கே விழுந்தது 25%. எடைக்கும் வலிமைக்கும் முடிச்சுப் போடுபவருக்குத்தான் ஆய்வுத்திறன் இருக்கிறது.

இரண்டாம் வகையில் எடை மூன்றும் ஒன்றே, ஆனால் ஒரு கியூபில் ஒரு முகம் மட்டும் வெடித்த படம். மையம் தப்பி வைத்தது, அல்லது தட்டில் பழைய கான்கிரீட் துணுக்கு ஒட்டியிருந்தது. மூன்றாவது, சுமையேற்ற வேகம். ஐரோப்பியத் தரநிலை இஎன் 12390-3 சொல்வது நொடிக்கு 0.6 ± 0.2 எம்பிஏ, 150 மிமீ கியூபுக்கு 0.6 என்றால் நொடிக்கு 13.5 கிலோநியூட்டன். தாளில் ஒரு கியூபை 30-இல் ஏற்றியதாகப் போடுங்கள். வேகம் கூடினால் எண் உயர்ந்து காட்டும். ‘வலிமை நன்றாக இருக்கிறது’ என்று எழுதுபவர் யார், ‘இந்த எண்ணை நம்பக் கூடாது’ என்பவர் யார் என்று பிரிந்துவிடும். நான்காவது வகையில் மூன்றும் ஒரே மாதிரி 22; வார்த்த தேதியையும் சோதித்த தேதியையும் கணக்குப் பார்த்தால் 7 நாள்தான் ஆகியிருக்கும், 28 அல்ல.

ரூப்ரிக் (மார்க் போடும் அளவுகோல்) நான்கு நிலை போதும். வலிமையைக் கணக்கிட்டதோடு நிற்பவர் 1. விலகும் எண்ணைக் காட்டியும் காரணம் சொல்லாதவர் 2. காரணத்தை எடை, உடைந்த வடிவம், வேகம், நாள் என ஏதாவது சான்றோடு கட்டுபவர் 3. அதற்கு மேல் முடிவெடுத்து, ஏற்பதா தள்ளுவதா, அடுத்து எந்தச் சோதனை என்று சொல்பவர் 4. அடைந்ததாகக் கொள்ள 3 வேண்டும். இரண்டாம் ஆண்டுக்கு 2 போதும் என்று சிலர் வாதிடுவார்கள். நான் ஒப்ப மாட்டேன். காரணம் சொல்லாத விளக்கம் விளக்கமே அல்ல.

ஒரு எச்சரிக்கை: 14 வார செமஸ்டரில் 3-ஆம் வாரம் வார்த்தால்தான் 7-ஆம் வாரம் 28 நாள் வரும். அந்த நாளில் தைப்பூசமோ சீனப் புத்தாண்டோ விழுந்து 30-ஆம் நாளில் உடைத்தால், 30 என்றே எழுதச் சொல்லுங்கள். 28 என்று திருத்தி எழுதப் பழக்கினால் பிஓ4-ஐயும் நெறிமுறையையும் சேர்த்தே கெடுக்கிறோம்.

மண்_ஆய்வு:
அண்ணன் சொன்னது முடிவை விளக்கும் பாதி. மறுபாதியையும் பாருங்கள். தொழில்நுட்ப டிகிரிகளுக்கான சிட்னி உடன்படிக்கை ஆய்வுத்திறனில் எதிர்பார்ப்பது, பொறியியல் விதித்தொகுப்புகளிலும் தரவுத்தொகுப்பிலும் தேடித் தேவையானதைத் தேர்ந்து, சோதனையைத் தானே வடிவமைத்து நடத்தி, செல்லத்தக்க முடிவுக்கு வருவது. அச்சடித்த லேப் ஷீட்டை வைத்து கியூப் உடைப்பதில் வடிவமைப்பு எதுவும் இல்லை. ஆகவே இந்தப் பாடத்தை பிஓ4-இன் தொடக்க நிலை என்று மேப்பிங்கிலேயே (எந்தப் பாடம் எந்த பிஓவுக்கு என்ற பட்டியல்) குறியுங்கள். இறுதிச் சான்று மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடத்திலிருந்து வரட்டும்.

நிலத்தொழில்நுட்பப் பாடத்தில் இதற்கு நல்ல வாய்ப்பு. செபராங் பிறையின் மென்களிமண்ணில் மூன்று மாடிக் கடைவீட்டு வரிசை. ஒரு சோதனை விலைப்பட்டியலும் ஒரு மொத்தத் தொகையும் மட்டும் கொடுங்கள். எத்தனை போர்ஹோல், எவ்வளவு ஆழம், எந்தச் சோதனை என்று மாணவரே தீர்மானிக்கட்டும். தெரிந்தவர், தெரியாதவர் உடனே பிரிவார்கள். எல்லா இடத்திலும் எஸ்பிடி (சுத்தியலால் அடித்து மண்ணின் எதிர்ப்பைப் பார்க்கும் சோதனை) மட்டும் போடுபவருக்கு மென்களிமண்ணில் என்-மதிப்பு (அடி எண்ணிக்கை) பூஜ்யத்தை ஒட்டியே வரும், வடிவமைக்க உதவாது. அங்கே வேன் ஷியர் (மண்ணுக்குள் தகட்டைச் சுழற்றி வலிமை அளக்கும் சோதனை) வேண்டும். ஒடுங்கல் சோதனை (சுமையில் மண் எவ்வளவு அமுங்கும் என்று பார்ப்பது) கேட்டுவிட்டு, கலையாத மாதிரி எடுக்க மெல்லிய சுவர்க் குழாய் கேட்காதவர் சோதனையின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர். அடுத்த பேட்சுக்கு இடத்தைக் கோலாலம்பூர் சுண்ணாம்புக்கல்லுக்கு மாற்றினால் பழைய விடையைப் படியெடுக்க முடியாது: அங்கே பாறை தட்டியதும் நிறுத்தினால் தவறு, கீழே குழி இருக்கலாம், திடப்பாறைக்குள் தொடர்ந்து கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுக்க வேண்டும்.

சர்வே_அக்கா:
பிஓ9 பற்றி யாரும் பேசவில்லையே. ரிப்போர்ட் நன்றாக இருந்தால் குழுப்பணி நன்று என்று மார்க் போடாதீர்கள் தம்பி. ஒரே ஆள் உட்கார்ந்து எழுதினாலும் ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும். சக மாணவர் மதிப்பீடு வைத்தால் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் 5/5 போட்டுவிடுவார்கள், நட்பு கெடக்கூடாது என்று. லெவலிங் (உயர அளவீடு) களப்பணியில் நடப்பது போலச் செய்யுங்கள்: கருவி, ஸ்டாஃப் (அளவுக்கோல்), புக்கிங் (பதிவு) என்று பொறுப்பு சுழல வேண்டும், ஒவ்வொருவரும் ஒரு லூப்புக்கு (தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுற்று) தலைமை. 12√கே மிமீ (கே என்பது கிலோமீட்டரில் நீளம்) என்று பிழை வரம்பு கொடுத்தால் அரை கிலோமீட்டர் லூப்புக்கு 8.5 மிமீ. தாண்டினால் அந்தக் குழு எப்படிப் பிழையைத் தேடுகிறது, தலைவர் யாரிடம் எதைச் சரிபார்க்கச் சொல்கிறார் என்று பாருங்கள், அங்கேதான் குழுப்பணி தெரியும். கான்கிரீட் லேப்பில் வார்ப்பவர், ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பார்ப்பவர், பதிவு செய்பவர் என்று சுழற்றலாம். பதிவேட்டில் அவரவர் கையெழுத்து.

பிறை_லேப்:
நன்றி அக்கா, செய்கிறோம். ரூப்ரிக்கை என்னோடு இன்னொரு விரிவுரையாளரும் பயன்படுத்துவார். அவர் கொஞ்சம் தாராளம்.

தரக்கோப்பு:
பத்துத் தாளை எடுத்து இருவரும் ஒருவர் மார்க்கை மற்றவர் பார்க்காமல் போடுங்கள். ஒரு நிலை வித்தியாசம் என்றால் பேசித் தீர்க்கலாம். இரண்டு நிலை வித்தியாசம் வந்தால் குறை ரூப்ரிக்கின் வாசகத்தில். ‘நன்றாக விளக்கியுள்ளார்’ போன்ற சொல் எங்கோ இருக்கும். ‘எடை, வடிவம், வேகம், நாள், இவற்றில் ஒன்றையாவது எண்ணோடு காட்டியுள்ளார்’ என்று மாற்றுங்கள்.

உங்கள் பிஓ எண்களையும் சரிபாருங்கள். பழைய பட்டியலில் 12. சர்வதேசப் பொறியியல் கூட்டமைப்பின் 2021 திருத்தத்தில் சமூகமும் சுற்றுச்சூழலும் ஒன்றாகி 11 ஆனது. அதில் குழுப்பணி 8-ஆம் எண். கல்லூரி எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதையே எல்லாப் பாடமும் பின்பற்ற வேண்டும். கலந்துவிட்டால் தொகுப்புக் கணக்கு முழுதும் தடம் மாறும்.

பிறை_லேப்:
கடைசியாக ஒன்று. போன பேட்சின் பிஓ4 100%-ஐ என்ன செய்வது? திருத்தி எழுதலாமா?

கேஎல்_ஸ்ட்ரக்சர்:
பிஓ2 கூட்டல் பிழை, அதைத் திருத்தி, திருத்திய தேதியும் காரணமும் போடுங்கள். பிஓ4-ஐத் தொடாதீர்கள். அன்று வைத்த கருவியின் விடை அது. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘குழு ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு அளந்தது, 4-ஆம் கேள்வியை எழுதிய 31 பேரில் 6 பேரே பாதி மார்க்கைத் தொட்டனர், தனியாள் சான்று போதாது.’ மதிப்பீட்டுக் குழு கேட்ட கேள்விக்கு உங்கள் பதிலும் அதுவே.

மேம்பாட்டு நடவடிக்கையில் ‘மாணவர்களுக்குக் கூடுதல் பயிற்சி’ என்று எழுதாதீர்கள், யாராலும் சரிபார்க்க முடியாது. ‘7-ஆம் வார லேப்பில் தனியாள் தரவுத்தாள், பொறுப்பு இன்னார், பைனலில் அதே கடினத்தில் கட்டாயக் கேள்வி, அடுத்த பேட்சில் 3-ஆம் நிலையைத் தொட்டவர் எண்ணிக்கையை ஒப்பிடல்’ என்று எழுதுங்கள். முதல் முறை பிஓ4 60%-க்குக் கீழே விழலாம். விழுந்தால் இலக்கைக் குறைக்காமல் அப்படியே காட்டுங்கள். அடுத்த பேட்சில் கற்பிக்கும் முறையை மாற்றுகிற அதே செமஸ்டரில் கேள்வியின் கடினத்தையும் மாற்றிவிடாதீர்கள், எதனால் எண் நகர்ந்தது என்று பிறகு சொல்ல முடியாது.