ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும் நெட்வொர்க் பிரச்சினை: உங்களுக்கு நடந்ததா?

எங்கள் ஆபீஸில் ஜாவாவில் எழுதிய பில்லிங் சர்வீஸ் ஒன்று. பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் திடீரென்று யாருக்கும் கனெக்ட் ஆகாது. பிங் போகும், லோடும் குறைவுதான். நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போடுவோம். ஸ்விட்ச், கேபிள் எல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்பார்கள். அதற்குள் இங்கே யாராவது ரீஸ்டார்ட் பண்ணியிருப்பார்கள். ஐந்து மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் நைட் ஷிஃப்டில் மறுபடி நின்றது. ரீஸ்டார்ட்டுக்கு முன் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கனெக்‌ஷன்களையும் அவற்றின் நிலையையும் காட்டும் நெட்ஸ்டாட் கமாண்டைப் போட்டேன். திரை முழுக்க க்ளோஸ்-வெயிட் என்ற நிலையில் கனெக்‌ஷன்கள். எண்ணினால் 3,900-க்கு மேல். அந்த ப்ராசஸ் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல், கனெக்‌ஷன் எல்லாம் சேர்த்து லிமிட்டே 4,096. எல்லா வரியிலும் எதிர்முனை ஒரே ஐபி, எஸ்எம்எஸ் அனுப்பும் கேட்வே.

அதாவது கேட்வே தன் பக்கம் முடித்துக்கொண்டது, கர்னலும் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) அதை வாங்கி வைத்துவிட்டது, எங்கள் ப்ரோக்ராம்தான் மூடவே இல்லை. டைம்-வெயிட் (முதலில் மூடிய பக்கம் கொஞ்ச நேரம் காத்திருக்கும் நிலை) என்றால் லினக்ஸில் 60 விநாடியில் தானாகப் போய்விடும். க்ளோஸ்-வெயிட்டுக்கு அப்படிக் கெடு கிடையாது. ப்ரோக்ராம் மூடினால் போகும், அல்லது ப்ராசஸ் செத்தால் போகும். ரீஸ்டார்ட்டில் தடயமும் சேர்ந்து அழிந்ததால்தான் ஐந்து மாதம் பிடிபடவில்லை.

கோடில் தேடினோம். கேட்வே எரர் கொடுத்தால் ரெஸ்பான்ஸை மூடாமலே வெளியே வரும் ஓர் இடம் இருந்தது. நாலு வரி மாற்றம். லிமிட்டை 65,536 ஆக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நாளில் வருவது ஐந்து மாதம் கழித்து வரும், அவ்வளவுதான்.

பதில்:

உங்களுக்குப் பத்து நாள், எங்களுக்குத் தினமும் காலையில். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த டேட்டாபேஸ் கனெக்‌ஷனை நடுவில் இருந்த ஃபயர்வால் ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும், இரண்டு முனைக்கும் சொல்லாது. காலையில் முதலில் லாகின் பண்ணுகிறவருக்குச் சுமார் 15 நிமிடம் தொங்கும், அப்புறம் சரியாகிவிடும். அந்த 15 நிமிடம்தான் எங்களுக்குத் துப்பு கொடுத்தது. பதில் வராத பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு லினக்ஸ் கைவிட ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். சும்மா கிடக்கும் கனெக்‌ஷனில் சோதனை பாக்கெட் அனுப்பிப் பார்க்கும் கீப்-அலைவ் ஆன் செய்துதான் இருந்தது. ஆனால் அதன் டிஃபால்ட் 7,200 விநாடி, ஃபயர்வாலோ 3,600-இல் முடித்துவிடுகிறது. 600 ஆகக் குறைத்த மறுநாளிலிருந்து தொல்லை இல்லை.

பதில்:

வரும் கோரிக்கைகளைப் பின்னால் இருக்கும் சர்வருக்கு அனுப்பும் எங்கள் ப்ராக்ஸி மூன்று மாதமாக நிற்காமல் ஓடியது. ஸ்டார்ட் ஆனபோது ஒரே ஒரு தடவை அந்த சர்வரின் பெயரைத் தேடி, கிடைத்த ஐபியை அப்படியே பிடித்துக்கொண்டது. பின்னால் இருந்த சர்வரின் ஐபி மாறியது அதற்குத் தெரியவே இல்லை. பெயருக்கு ஐபி கேட்கும் டிக் கமாண்டைப் போட்டால் புது ஐபி வரும், போகும் வரும் பாக்கெட்டைக் காட்டும் டிசிபி-டம்ப்பில் பாக்கெட் பழைய ஐபிக்குப் போகும். இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது.