பெரிய கோயில் விமான நிழல்: விழுமா, விழாதா?

கல்தச்சன்:
மறுபடியும் ஒரு காணொளி சுற்றுகிறது: "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது." இன்னும் எத்தனை வருஷம் இதையே ஓட்டுவார்கள்? காலை எட்டு மணிக்கு மேற்குத் திருச்சுற்று மாளிகை மேலேயே நிழல் ஏறிக் கிடக்கிறது.

சோழநாடன்:
காலை, மாலையை யார் கேட்டார்கள்? உச்சிவேளையில் விழாது. பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

கல்தச்சன்:
உச்சிவேளைக்கே வாருங்கள். டிசம்பர் 21 அன்று தஞ்சாவூரில் உச்சிச் சூரியனின் உயரம் 56 பாகைதான். விமானம் சுமார் 60 மீட்டர். நிழல் நடுவிலிருந்து வடக்கே 41 மீட்டர் போகும். அடித்தளம் பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர். அதில் பாதி 15. மிச்சம் 26 மீட்டர் எங்கே விழுகிறது?

நம்பாவிட்டால் ஒரு மீட்டர் கழியைச் சமதரையில் நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேராக்குங்கள். சரியாக 12 மணிக்கு அளந்தால் தப்பாகும். அன்று தஞ்சாவூருக்கு உச்சி 12.12 வாக்கில். கழியின் நிழல் 68 செ.மீ. இருக்கும்.

சோழநாடன்:
கழியும் ராஜராஜன் கோயிலும் ஒன்றா? நான் சொல்வது கலசத்தின் நிழலை.

கல்தச்சன்:
முதலில் விமானம், இப்போது கலசமா? அந்த 41 மீட்டரே கலச நுனிக்குப் போட்ட கணக்குத்தான்.

வெண்ணாற்றங்கரை:
நிழலை விடுங்கள் ஐயா. உச்சியில் 80 டன் ஒரே கல். ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள சாரப்பள்ளம் ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள். அதையும் மறுப்பீர்களா?

கல்தச்சன்:
மறுப்பேன். சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. ஆறு கிலோமீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் என்று உச்சிவரை மண்ணால் சாய்தளம் போட்டால் 18 லட்சம் கனமீட்டர் மண் வேண்டும். பக்கங்கள் சரியாமல் இருக்க அகலப்படுத்தினால் இன்னும் பல மடங்கு.

வெண்ணாற்றங்கரை:
நந்தி வளர்ந்ததும், முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதும்கூட உங்களுக்குக் கட்டுக்கதைதானே?

கல்தச்சன்:
இப்போதுள்ள நந்தி நாயக்கர் காலத்தது. கல் வளராது.

சோழநாடன்:
வந்துவிட்டார் நாயக்கரோடு! சோழன் பெருமையைக் குறைப்பதே இவருக்கு வேலை. கங்கைகொண்ட சோழபுரம் இழையிலும் இதையேதான் செய்தார்.

கல்தச்சன்:
குறைப்பவன் நானா? 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் விமானத்துக்குக் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம் என்று எடை வரைக்கும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் ராஜராஜன். அதைப் படித்துப் பெருமைப்படுங்கள். இல்லாத மாயத்தை அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

குடமுருட்டி:
ஒரு தகவல். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் அங்கே சூரியன் உச்சியில் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நாட்களில் உச்சிவேளையில் மட்டும் நிழல் அடித்தளத்தைத் தாண்டாது. தெருவிளக்குக் கம்பத்துக்கும் அப்படியே.

சோழநாடன்:
பார்த்தீர்களா, தாண்டாதாம்! காணொளி சொன்னது சரிதான்.

கல்தச்சன்:
"விழவே விழாது" என்றது காணொளி. டிசம்பரின் 26 மீட்டருக்குப் பதில் எங்கே?

சோழநாடன்:
கோயிலைக் கம்பத்தோடு ஒப்பிடுகிறவர்களுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

குடமுருட்டி:
கம்பம் என்றது நான். அவரை ஏன் இழுக்கிறீர்கள்?

கல்தச்சன்:
26 மீட்டர்.