டர்போ லேக்: ‘தாமதம்’ வேண்டாம், ‘சுணக்கம்’ வைக்கலாம்

> டர்போ லேக் என்பதற்கு ‘விசைச்சுழலித் தாமதம்’ என்று வைக்கலாமா? மறுப்பு இல்லையென்றால் கையேட்டில் ஏற்றிவிடுகிறேன்.

வணக்கம் ஐயா,

எனக்கு மறுப்பு இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

டர்போ என்பது இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையால் சுழன்று, இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி; அதனால் வரும் இழுவை மிதித்தவுடன் வராமல் பிந்தி வருவதுதான் டர்போ லேக். நம் கையேடு பழைய டர்போ கார், அதிலும் வேகத்துக்கென்றே செய்த கார் வாங்கப் போகிறவருக்கானது. ஓட்டிப் பார்க்க அவருக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். அந்த நேரத்தில் முதுகிலும் காதிலும் உணர்வதற்குத் தன்னிடம் பெயர் இல்லையென்றால், விற்பவர் சொல்லும் பெயரைத்தான் நம்புவார். எனக்கு அதுதான் நடந்தது.

போன வருடம் கோவையில் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றைப் பார்க்கப் போனேன். பானட்டில் கை வைத்தால் சுட்டது; நான் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். (ஆறிய இஞ்சினைக் கிளப்பும்போதுதான் முதல் புகையின் நிறமும் உள்ளே வரும் தட்டல் சத்தமும் தெரியும். கையேட்டின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்.) மூன்றாவது கியரில், இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தேன். வண்டி நகர்ந்தது, இழுக்கவில்லை. சுற்றைக் காட்டும் முள் 3,500-ஐத் தாண்டியும் அதே கதை. “டர்போ லேக் சார், இந்த மாடலே அப்படித்தான்” என்றார் விற்பவர். நானும் தலையாட்டினேன். கூட வந்த மெக்கானிக் அண்ணன்தான், “4,000-ல காலை எடுத்துட்டு மறுபடி மிதிங்க” என்றார். அப்போதும் இழுவை வரவில்லை. முன்னாலிருந்து ‘உஸ்’ என்று காற்றுச் சத்தம்தான் வந்தது. நிறுத்திப் பார்த்தால், டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தது.

இதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும்போது டர்போவைச் சுழற்றப் போதுமான புகை வராது. அங்கே எவ்வளவு மிதித்தாலும் இழுவை கிடைக்காது. அது வண்டியின் அமைப்பு, குறை இல்லை. அந்தச் சுற்றைத் தாண்டிய பிறகும், மிதித்த நொடிக்கும் இழுவை வரும் நொடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும்; டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஏற வேண்டுமே. உண்மையான லேக் இதுதான். மூன்றாவது, எந்தச் சுற்றிலும் எவ்வளவு காத்திருந்தாலும் முழு இழுவை வராதது. அது பழுது. ஆங்கிலத்திலேயே பலர் மூன்றையும் லேக் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். நாமும் அப்படியே ‘தாமதம்’ என்று எழுதினால், நல்ல வண்டியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வருவார் ஒருவர், கிழிந்த ஹோஸுக்குக் காசு கொடுப்பார் இன்னொருவர்.

அதனால் லேக் என்பதற்கு ‘டர்போ சுணக்கம்’. “பணம் வரச் சுணங்குது” என்றால் பணம் வராது என்று யாரும் நினைப்பதில்லை. வரும், பிந்தி வரும். 1975-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போவை ஓட்டியவர்கள் பயந்ததும் இதற்குத்தான். வளைவில் மிதித்தால் ஒன்றும் நடக்காது. பிறகு 260 குதிரைத் திறனும் மொத்தமாகப் பின்சக்கரத்தில் வந்து விழும். சுணங்கி வருவது என்றால் அதுதான். தாமதம் என்பது கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். ரயிலுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தவில்லை.

டர்போ தன் வேலையைத் தொடங்கும் சுற்றுக்குப் ‘பிடிசுற்று’ என்று வைக்கலாம். வண்டி வேகம் பிடிக்கிறது என்கிறோமே, அந்தப் பிடி. பள்ளி இயற்பியல் பாடத்தில் ‘threshold’ என்பதற்கு வரும் ‘பயன்தொடக்க’ என்பதை இங்கே கொண்டுவரலாம் என்று போன மடலில் ஓர் அம்மா எழுதியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு சொல்ல வாயில் வராது. பழுதுக்குப் புதுச் சொல்லே வேண்டாம். ‘இழுவைக் குறைவு’ எல்லோருக்கும் புரியும்.

‘விசைச்சுழலி’யை விட்டுவிடுவோம் ஐயா. லாரி ஓட்டுபவருக்கும் டர்போ என்றால் தெரியும். தெரிந்த சொல்லை மாற்றுவதற்குச் செலவிடும் உழைப்பை, பெயரே இல்லாத பிடிசுற்று போன்றவற்றுக்குச் செலவிடலாம்.

கையேட்டு வரி இப்படி வரலாம்: “மூன்றாவது கியரில், காலியான சாலையில், பிடிசுற்றுக்கு மேலே காலை எடுத்து மறுபடி மிதியுங்கள். கொஞ்சம் பொறுத்து இழுவை முழுதாக வந்தால் சுணக்கம். வராவிட்டால் இழுவைக் குறைவு. ஹோஸ்களைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.”

அப்புறம் ஒன்று. இதே சோதனையில் முள் மட்டும் மேலே ஏறி, வண்டி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் ஸ்லிப், அதாவது கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. அதற்கு ‘வழுக்கல்’, ‘நழுவல்’ இரண்டும் மடல்களில் வந்திருக்கின்றன. டயர் வழுக்குவதோடு குழம்பாமல் இருக்க நான் ‘கிளட்ச் நழுவல்’ பக்கம். மற்றவர்கள் சொல்லுங்கள்.